வியாழக்கிழமை, பகல் ஒன்று நாற்பது

ஆகாய விமானத்துக்காக இன்சூரன்ஸ் எழுதப்போன ஏஜென்ட் உத்தமபாளையம் தாலுகாவிலேயே நான் ஒருத்தன்தான். போனேன், எழுதவில்லை. எழுதாமல் வந்ததற்காக ஊர் என்னை இன்றுவரை புகழ்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகழ் எப்படி வந்தது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களும் புகழ்வதானால் புகழ்ந்துகொள்ளுங்கள்.

என் பெயர் இத்ரீஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே என் ஆபீஸ். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. குமுளி மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பாதி நான் எழுதிய பாலிசியில்தான் ஓடின. டிராக்டர் எழுதுவேன், கடை எழுதுவேன், கறவை மாடு எழுதுவேன். மாட்டுக்குக் காதில் நம்பர் போட்ட தோடு ஒன்று அடித்துவிடுவார்கள். மாடு செத்தால் அந்தத் தோடோடு காதை அறுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அப்போதுதான் பணம். முதல் காது என் மேஜைக்கு வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. பத்தாவது காது வந்தபோது இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நம்பரைச் சரிபார்த்தேன்.

இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய வித்தை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் மூன்று டிராக்டர் பாலிசி கைநழுவிப் போயிற்று. ஃபாரத்தை நீட்டினால் வீட்டுக்காரர் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், நாளைக்கு வாங்க என்பார். நாளைக்குப் போனால் வேறொருத்தன் எழுதிவிட்டுப் போயிருப்பான். அப்புறம்தான் புரிந்தது, நான் போன நேரம் ராகு காலம். எனக்கு ராகு காலம் கிடையாது. கஸ்டமருக்கு உண்டு. அன்றே காலண்டரின் பின்பக்கத்தில் இருந்த ராகு கால அட்டவணையைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். யாராவது பேனாவை எடுத்தால், நானே அட்டையைப் பார்த்து, அண்ணே, இன்னும் இருபது நிமிஷம் போகட்டும் என்பேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாய் நம்ம ஆளு என்று காப்பி வரும், பக்கத்து வீட்டுப் பாலிசியும் சேர்ந்து வரும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது சேக்காளிகள் என்னைப் பஞ்சாங்கம் என்றே கூப்பிட்டார்கள். சிரித்துக்கொள்வேன். அந்த வருஷம் மதுரை ஆபீஸில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒச்சாண்டி என் பழைய கஸ்டமர். மாமன் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வோம். அவருடைய ஒரே மகன் சுருளியாண்டி. அருவிச் சாமிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, அந்தப் பெயரோடு பைலட்டுக்குப் படித்தான். லைசென்ஸும் வாங்கினான். ஆனால் பெரிய விமானம் ஓட்ட இன்னும் இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறதாம். அந்த மணி நேரத்துக்காக வெளியூர் ஃப்ளையிங் கிளப் ஒன்றில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன். பணிவு உண்டு, கொஞ்சம் அவசரம் உண்டு.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் அவர்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். ஒச்சாண்டிதான் கமிட்டித் தலைவர். அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஹெலிகாப்டர் பிடித்துக் கோபுரத்தின் மேல் பூப்போட்டிருந்தார்கள். ஒரு வருஷமாக அந்த ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் டீக்கடையில் அதையே பேசி இவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தான். நம்ம ஊரில் சொந்தப் பைலட்டே இருக்கும்போது நமக்கென்ன என்று ஒச்சாண்டி முடிவு செய்தார். கிளப் விமானத்தை இறக்கை கழற்றி லாரியில் கொண்டுவருவது, அவருடைய தோட்டத்தில் பழைய கொடிகளைப் பிடுங்கிப்போட்ட நிலத்தை ரோலர் விட்டுச் சமப்படுத்துவது, அங்கிருந்து மகன் ஏறிப்போய்ப் பூப்போடுவது. அனுமதியெல்லாம் முறையாகத்தான் வாங்கினார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

செய்தி கேட்டதும் நான்தான் வலியப் போய்ப் பேச்செடுத்தேன். கமிஷனுக்கு ஆசைப்பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், பொய்யில்லை. மாப்ள, உனக்குன்னு இன்சூரன்ஸ் இருக்கா என்று கேட்டேன். சுருளியாண்டி சிரித்தான். கிளப்பில் விமானத்துக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கிறது, வாடகைக்கு எடுக்கிறவன் எவனும் தனியாக எடுப்பதில்லை என்றான். பயமாக இருந்தால் பறக்கவே வரக்கூடாது மாமா என்றும் சொன்னான். நான் விடவில்லை. கிளப்பிலிருந்து அந்தப் பாலிசியின் நகலை வாங்கிவரச் சொன்னேன்.

முப்பது பக்கம், பொடி எழுத்து. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பாலிசி காப்பாற்றுவது கிளப்பை. கிளப்பிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவனை அல்ல. அவன் கையில் விமானம் உடைந்தால் கம்பெனி கிளப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை அவனிடமே வசூல் செய்துகொள்ளலாம். அவனால் வெளியாள் யாருக்காவது கை கால் போனால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பயிற்சி தவிர வேறு வேலைக்கு எடுத்துப்போனால் கிளப்பும் பொறுப்பில்லை. நம் ஜீப்பு டிரைவர்களும் இப்படித்தான். முதலாளியின் பாலிசி ஒன்று வண்டியில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலையேறுவார்கள். குடை அடுத்தவனுடையது, நனையப்போவது தான் என்று மழை வரும்வரை தெரியாது.

அந்தப் பக்கத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லச் சுருளியாண்டியின் சிரிப்பு குறைந்தது. கடைசியில், எடுத்துருவோம் மாமா என்றான். மதுரை ஆபீஸில் அதுவரை யாரும் கேட்காத பாலிசி. வாடகை விமானம் ஓட்டுகிற பைலட் தன் சொந்தப் பொறுப்புக்கு எடுக்கும் பாலிசி என்றதும் அங்கே இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்கள் சென்னைக்கு எழுத, சென்னை பம்பாய்க்கு எழுத, மூன்று வாரம் கழித்து ஃபாரம் வந்தது. கையெழுத்தும் செக்கும் ஏஜென்ட் கையில் வந்த நேரத்தை ரசீதில் எழுத வேண்டும், அந்த நிமிஷத்திலிருந்து கம்பெனி பொறுப்பு என்று கூடவே ஒரு கடிதம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏலத்தோட்டத்து ஜீப்புக்கும் சினை மாட்டுக்கும் எழுதியவன் ஆகாயத்துக்கு எழுதப்போகிறேன் என்று யாஸ்மினிடம் சொன்னேன். எழுதிட்டு வந்து சொல்லுங்க என்றாள் என் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை கும்பாபிஷேகம். நான் வியாழக்கிழமை மத்தியானமே ஃபாரத்தோடு போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சேர வேண்டியவன், கம்பத்தில் பஸ் மாறி, திருவிழாக் கூட்டத்தில் நசுங்கி, தோட்டத்தில் இறங்கும்போது ஒன்றரை ஆகிவிட்டது.

சமப்படுத்திய நிலத்தின் தலைமாட்டில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. திராட்சை சீசனில் பழம் அடுக்கும் இடம். அன்று அங்கே இருபது பெண்கள் உட்கார்ந்து கூடை கூடையாகப் பூ ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சீலையம்பட்டியிலிருந்து வந்த ரோஜாவும் கேந்திப்பூவும். முழுப்பூவாகப் போட்டால் பொத்தென்று விழுமாம், இதழாகப் பிரித்துப் போட்டால்தான் தூறல் மாதிரி இறங்குமாம். கொட்டகை வாசலில், எனக்கு நாற்காலி போட்ட இடத்துக்குப் பக்கத்தில், சந்தனம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒச்சாண்டியின் தோட்டத்தில் பதினைந்து வருஷமாகக் கொடி கட்டுகிறவள், புருஷன் இல்லை. அவளுக்கென்று இருந்த சொத்து பந்தல் உயரத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்கக்கூடிய இரண்டு கால்கள். அதை இப்போது சொல்கிறேன், அன்று நான் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பூவுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது, அவ்வளவுதான்.

நிலத்தின் நடுவே விமானம் நின்றது. துணியும் குழாயும் வைத்துக் கட்டிய பொருள். இதிலா மனுஷன் ஏறுவான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சுருளியாண்டி ஓடிவந்தான். செக்கை அவன் அப்பா முன்னமே எழுதி வைத்திருந்தார். நான் மடியில் பையை வைத்து, அதன் மேல் ஃபாரத்தை விரித்து, பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினேன். அவன் என் பேனாவை வாங்கி மூடியைத் திறந்தான்.

ஒச்சாண்டி பக்கத்தில் நின்றார். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியிருந்ததாக எனக்குப் பட்டது. நல்ல காரியத்துக்கு முந்தின நாள், விபத்து, மரணம், ஊனம் என்று வரிக்கு வரி எழுதிய தாளில் மகன் கையெழுத்துப் போடுகிறான், யாருக்குத்தான் சுருங்காது. அதைப் பார்த்ததும் என் கை பைக்குள் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தேன். வியாழன், ஒன்றரை முதல் மூன்று. என் கைக்கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

"மாப்ள, பேனாவ மூடு. இப்ப ராகு காலம். மூணு மணிக்கு மேல போட்டுக்கலாம்."

ஒச்சாண்டி முகம் மலர்ந்துவிட்டது. என் தோளில் கை போட்டார்.

"ஏலே, பாத்தியா. ஒங்க மாமனுக்கு இருக்குற விவரம் ஒனக்கு இருக்கா?"

சுருளியாண்டிக்குச் சிரிப்பு. நீங்களுமா மாமா என்றான். பேனாவை மூடி என் சட்டைப் பையிலேயே சொருகினான். மூன்று மணிவரை சும்மா உட்கார்ந்து என்ன செய்ய, ஒரு ரவுண்டு ட்ரையல் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்றான்.

ராகு காலத்தில் எப்படி ஏறுவான் என்று ஒச்சாண்டி தடுக்கவில்லை. காரியம் நாளைக்குத்தானே, இது ட்ரையல்தானே. ட்ரையலுக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை. எனக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு ஏறு என்று வாய்வரை வந்தது. இப்போதுதான் ராகு காலம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன், அதே வாயால் இப்போதே போடு என்று எப்படிச் சொல்ல. ஒரு ரவுண்டுதானே என்று இருந்துவிட்டேன். ஒச்சாண்டி பன்னீர் திராட்சை ஜூஸ் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன்.

ஆவணியிலும் எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று முழுசாக அடங்கியிருக்காது. மலைக்கணவாய் வழியாக உள்ளே நுழைந்தால் திடீரென்று தள்ளும். விமானம் நன்றாகத்தான் ஏறியது, கோபுரத்தைச் சுற்றியது, ஊர் முழுக்க விசில் அடித்தது. இறங்கும்போது, தரைக்கு இரண்டாள் உயரத்தில், காற்று பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தது. ஒரு சக்கரம் அடுத்த தோட்டத்துப் பந்தல் கம்பியில் மாட்டியது. அப்படியே சுழன்று கொட்டகை வாசலுக்கு வந்தது. பெண்களெல்லாம் எழுந்து ஓடினார்கள். சந்தனம்மாள் ஓடியவள், பூக்கூடை கவிழ்ந்துவிடும் என்று திரும்பி அதைத் தூக்கப் போனாள். சாமிப் பூவில் மிதி பட்டுவிடக் கூடாது என்று நினைத்தாளாம். என்ஜின் அவள் வலது கால் மேல் விழுந்தது.

நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்திருந்தேன். எழுந்து பார்த்தால் என் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஜா இதழ் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதுவும் அப்போது பெரிய பாக்கியமாகத்தான் தோன்றியது.

தேனி ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லி அவளை உள்ளே கொண்டுபோனார்கள். சுருளியாண்டிக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. வராந்தாவில் ஒச்சாண்டி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவர் கையில் அந்த ஃபாரம். எப்போது என் பையிலிருந்து எடுத்தாரோ தெரியாது. மகனின் இடது கையால் கையெழுத்து வாங்கியிருந்தார், கோழி கிளறியது மாதிரி இருந்தது. செக்கும் சேர்த்து என் சட்டைப் பையில் திணித்தார்.

"மச்சான், நேரத்த மட்டும் ஒண்ணு நாப்பதுன்னு போடு. அவன் பேனாவத் தொறந்தது நெசந்தான? போட வந்தவனத்தான நீ நிறுத்துன? இதுல பொய் எங்கன இருக்கு?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. மூன்று எண்களை எழுதியிருந்தால் சந்தனம்மாளுக்கு, காலுக்குப் பதிலாக, உட்கார்ந்து சாப்பிட ஒரு வழி பிறந்திருக்கும். நான் மாட்டேன் என்றேன். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் மச்சான், விசாரணை வரும், என் லைசென்ஸ் போய்விடும் என்றேன். பொய் எழுத மனம் வராமல் மறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொள்வேன் என்று மறுத்தேன். வீட்டுக்கு வந்து யாஸ்மினிடம் மட்டும் அதை நேர்மை என்று சொன்னேன். அவள் என் சட்டையிலிருந்து ரோஜா இதழ்களை உதிர்த்துக்கொண்டே, நேர்மைக்குக் கால் போனது அந்தப் பொம்பளைக்குத்தானே என்றாள்.

கும்பாபிஷேகம் மறுநாள் நடந்தது. மிஞ்சிய பூவைக் கோபுரத்தில் ஏணி வைத்து ஏறிப் போட்டார்கள்.

அப்புறம் தாள்கள் வர ஆரம்பித்தன, ஒவ்வொன்றும் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது மாதிரியே. கிளப்புக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டது, உடைந்த விமானத்துக்குப் பதிலாகப் புதுசு வந்துவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுச் சுருளியாண்டிக்கு நோட்டீஸ் வந்தது. சந்தனம்மாளுக்கு வந்த கடிதத்தில், பூப்போடும் வேலை கிளப்பின் வேலை அல்ல, வாடகைக்கு எடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளவும் என்று இருந்தது. அவளுக்காக அந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னவனும் நான்தான். வாடகைக்கு எடுத்தவர் பெயரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. தோட்டம், வீடு எல்லாம் அப்பா பெயரில். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் அவளைக் கூட்டிப்போனார்கள். கேஸ் ஜெயிக்கும் அம்மா, ஆனால் ஜெயித்து யாரிடம் வாங்குவாய் என்று அவர் கேட்டார். சுருளியாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் வீட்டுக்குப் போய் அழுதான் என்று கேள்விப்பட்டேன். பிறகு வேலை தேடி வெளிநாடு போனான். விமானம் சம்பந்தப்பட்ட வேலை இல்லை.

இதற்கு நடுவே ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. இத்ரீஸ் பாய் அப்பவே ராகு காலம்னு சொன்னாக, அந்தப் பய கேக்காம ஏறிட்டான். டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எல்லா இடத்திலும் இதே பேச்சு. துலுக்க வீட்டு ஆளுக்கே தெரிஞ்சிருக்கு, இவனுக்குத் தெரியல என்றார்கள். நான் கையெழுத்தைத்தான் நிறுத்தினேன், விமானத்தை நிறுத்தவில்லை. அதை எங்கே போய்ச் சொல்ல. ஒரு தடவை ஒரு கல்யாண வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பாய் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்றார்கள். அந்த வருஷம் ஆண்டிபட்டியிலிருந்துகூட ஆட்கள் என்னைத் தேடி வந்து டிராக்டருக்கு எழுதினார்கள். மதுரை ஆபீஸில் இன்னொரு கடிகாரம் கொடுத்தார்கள். ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஆபீஸிலும் மாட்டினேன்.

ஒச்சாண்டியும் ராகு காலம் என்றே நம்பினார். நம்பினார் என்பதைவிட, நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. வேளை சரியில்லாததற்கு யார் என்ன செய்ய முடியும். ஜோசியரிடம் போனார். தோஷம் கழிய, அடிபட்டவளுக்கே ஒரு கறவை மாடு தானம் கொடு என்று ஜோசியர் சொன்னார். தை மாதம், ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரை வைத்துக்கொண்டு, கழுத்தில் மாலை போட்ட மாட்டைக் கன்றுக்குட்டியோடு சந்தனம்மாள் கையில் பிடித்துக் கொடுத்தார். இனிமேல் இது சம்பந்தமாகப் பேச்சில்லை என்று ஒரு தாளில் அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் வாங்கினார்களாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஆபீஸில் சாய்ந்திருந்தேன். டக், டக் என்று கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. சந்தனம்மாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், புடவையெல்லாம் வேர்வை. நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தேன். உட்காரவில்லை. மாட்டு டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டை மேஜையில் வைத்தாள். காதில் தோடு அடித்தாயிற்று, நம்பர் அதில் இருக்கிறது, மாட்டுக்கு இன்சூரன்ஸ் எழுத வேண்டும் என்றாள். மஞ்சள் பையிலிருந்து ரூபாயையும் எடுத்து வைத்தாள்.

நான் ஃபாரத்தை எடுத்தேன். பேனாவை எடுத்தேன். அப்புறம், எட்டு வருஷப் பழக்கம், என் இடது கை தன்னால் பைக்குள் போயிற்று.

"அந்த அட்டைய எடுக்காதீக பாய்."

கை அப்படியே நின்றது.

"இன்னைக்கும் வியாழக்கெழமதான். தெரிஞ்சுதான் வந்தேன். அன்னைக்கு நான் அங்கன ஒங்க நாற்காலிக்குப் பக்கத்துலதான் பூ ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்தத் தம்பி பேனாவத் தொறந்துருச்சு. நீங்கதான் மூடச் சொன்னீக."

வெறுங்கையை வெளியே எடுத்தேன். ஐந்து மாதமாக ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்தபோது, நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒருத்தி கால் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நீ ஏன் ஆத்தா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது, சொல்ல வேண்டியவன் நான் அல்லவா.

அவள் குரல் உயரவே இல்லை. ராகு காலம்தான் காரணம் என்று ஒச்சாண்டி நம்பியதால்தான் தோஷத்துக்குப் பயந்து மாடு கொடுத்தார், அதெல்லாம் இல்லை, ஒரு கையெழுத்தை நிறுத்தியதுதான் காரணம் என்று அவள் வாயைத் திறந்திருந்தால், பழி முழுக்க என் தலையில் போடப்பட்டு அவர் தோஷம் அங்கேயே கழிந்திருக்கும், மாடும் கிடைத்திருக்காது. அதனால் பேசாமல் இருந்தாளாம். என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை என்று கூடவே சொன்னாள். நான் அப்படி நினைத்துவிடக் கூடாது என்று அவளுக்கு அக்கறை இருந்தது.

நான் எழுதினேன். பெயர், ஊர், மாட்டின் நிறம், கொம்பு, காதில் உள்ள நம்பர். அவள் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். ரசீதை எழுதிக் கிழிக்கப்போனேன். நேரத்தையும் எழுதச் சொன்னாள். மாட்டுப் பாலிசிக்கு நேரம் எழுதுவதில்லை, அதற்கு ரசீதில் இடமும் கிடையாது. ஓரத்தில் எழுதினேன். வாசிக்கச் சொன்னாள். வியாழக்கிழமை, பகல் ஒன்று நாற்பது என்று வாசித்தேன். சுவரில் கம்பெனி கொடுத்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துச் சரி என்றாள்.

கடைசியாக, கஸ்டமரிடம் சொல்ல வேண்டிய விதியைச் சொன்னேன். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும், தோடோடு காதைக் கொண்டுவர வேண்டும், காது இல்லாவிட்டால் கம்பெனி பணம் தராது என்றேன்.

ரசீதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கட்டையை எடுத்துக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டாள். படி தாண்டும்போதுதான் திரும்பினாள்.

"என் கால ஆஸ்பத்திரில எங்கன கொண்டுபோய்ப் பொதச்சாகன்னே எனக்குத் தெரியாது பாய். அதுலயும் ஒரு தோடு அடிச்சு விட்டிருந்தா, கொண்டாந்து காட்டியிருப்பேன்."

டக், டக் என்று சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிற்று. நான் எழுந்து வழியனுப்பவில்லை. ராகு காலத்தில் நான் எழுதிய பாலிசி அது ஒன்றுதான். அந்த மாடு இன்னும் நன்றாகக் கறக்கிறது. அட்டை இன்னும் என் பையில்தான் இருக்கிறது.